வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஒரு விரல்

இதை நான் தலைகீழாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். குழாய் மேலே ஏறினால் வண்டி கீழே இறங்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. எங்காவது மாற்றிச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

வண்டி என் கணவர் நாச்சிமுத்துவுடையது. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள். தனுஷ்கோடி வரை போக வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினார். போவதற்குள் சர்க்கரை நோய் அவர் கண்ணைத் தின்றுவிட்டது. இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

விற்றுவிடலாம் என்றார். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

கண் தெரியாமல் கடலுக்குப் போய் என்ன செய்யப் போகிறாய் என்று அவர் தம்பி கேட்டான்.

"காத்துத் தெரியுமல்ல" என்றார்.

அதற்காகத்தான் இவ்வளவும்.

நான் குள்ளம். கால் எட்டுவதற்காக டவுனில் ஒரு பட்டறையில் வண்டியின் பின்பக்கத்தை இறக்கிக் கொடுத்தார்கள். முன்பக்கத்தைத் தொடவில்லை. வண்டி, உட்கார்ந்த நாய் போல மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. வேகம் பிடித்தால் முன்சக்கரம் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

அப்படித்தான் காங்கேயம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஷமீனாவிடம் போனேன்.

என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். பேச்சு குறைவு. எந்த வேலையையும் எனக்குக் கற்றுக்கொடுக்காமல் செய்ய மாட்டாள். அதனால் அவளை வாத்தியாரம்மா என்பேன். நட்டு முறுக்குகிறவளுக்கு எதற்கு இந்தப் பட்டம் என்பாள்.

முன்சக்கரத்தை இரண்டு குழாய்கள் பிடித்திருக்கின்றன. அந்தக் குழாய்களை மேலே ஒரு கவ்வி பிடித்திருக்கிறது. கவ்வியின் போல்டைத் தளர்த்திக் குழாய்களை மேலே தள்ளினால் முன்பக்கம் இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ள வேண்டும்.

எவ்வளவு தள்ளுவது என்று கேட்டேன்.

யாரெல்லாம் உட்காருவீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். அவரையும் கூட்டி வரச் சொன்னாள். வெறும் வண்டியை அளக்க மாட்டாளாம்.

இருவரும் ஏறி உட்கார்ந்தோம். அவள் கீழே குந்தி டேப்பைப் பிடித்து அளந்தாள்.

"எங்களை எடை போட்டு விக்கப் போறியா அம்மிணி?" என்று அவர் கேட்டார். அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

பின்பக்கம் இறங்கியதற்குத் தக்கபடி முன்பக்கத்தையும் இறக்கினாள். கவ்விக்கு நேராக, இரண்டு குழாயிலும் வெள்ளைப் பெயிண்டால் மெல்லிய கோடு போட்டாள்.

"இந்த அளவுக்குக் கீழ வண்டியை இறக்காதீங்கக்கா."

வண்டி சாதுவாகிவிட்டது. ஆனால் நிறுத்தும்போது என் கால்விரல்கள் மட்டும்தான் தரையில் பட்டன. குதிகால் எட்டவில்லை.

எனக்கு அதே நினைப்பு. சோறு வடிக்கும்போதுகூடக் குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன்.

நினைத்தது போலவே ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை, காங்கேயம் சிக்னலில் நிறுத்தினேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இருவரும் விழுந்தோம். அவருக்கு முழங்கையில் தோல் போய்விட்டது.

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். அவர் புழுதியைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

"சொல்லிட்டுத் தள்ளியிருந்தீன்னா கையை ஊனியிருப்பேனே புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன்.

மறுநாள் ஷமீனாவிடம் போய், இன்னும் கொஞ்சம் இறக்கிக் கொடு என்றேன். அவள் குனிந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேறு வண்டியின் செயினைக் கழற்றப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம். உயரமானவளுக்கு என் பயம் எப்படித் தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

அவள் சொல்லிக்கொடுத்த வேலைதானே. வீட்டில் நானே ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, போல்டைத் தளர்த்தி, குழாய்களை மேலே தள்ளினேன். வெள்ளைக் கோடு கவ்விக்கு மேலே ஒரு விரல் அகலம் ஏறி நின்றது.

என்ன திருகுகிறாய் என்று உள்ளே இருந்து கேட்டார். செயினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்றேன்.

ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம், அதே சிக்னலில், அதே பக்கம் விழுந்தோம்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் உட்கார்ந்து, தனுஷ்கோடி எங்கேயும் போய்விடாது, அங்கேயேதான் இருக்கும், விடு என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுபடியும் ஷமீனாவிடம் தனியாகப் போனேன்.

வண்டியை நிறுத்தும் முன்பே அவள் கண் கோட்டுக்குப் போய்விட்டது. விரலை வைத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். வலது பக்கம் ஒரு நெல் அளவு கூடுதலாம். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. ஓட்டும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

ஹேண்டில்பார் ஆட்டுக்குட்டி போலத் துள்ளுகிறது என்றேன். வேகத்தடையில் வண்டியின் வயிறு உரசுகிறது என்றும் சொன்னேன்.

"காலு பதியுதாக்கா?"

"ரெண்டு பாதமும் முழுசாப் பதியுது அம்மிணி."

"அப்பறம் ஏன் விழுந்தீங்க?"

இன்னும் இறக்க வேண்டுமோ என்னவோ என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தூசிக்காக நான் கழுத்தில் சுற்றியிருந்த சால்வையை உருவினாள். நான்காக மடித்து என் கண்ணைக் கட்டினாள்.

இது எதற்கு என்றேன். பின்னால் ஏறச் சொன்னாள்.

பட்டறைக்குப் பின்னால் சந்தைத் திடல். சந்தை இல்லாத நாள். அங்கே என்னை வைத்து மெதுவாக ஓட்டினாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று தெரியவில்லை. காற்று ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாறும்போதுதான், திரும்பிவிட்டோம் என்று தெரியும்.

திடீரென்று நிறுத்தினாள்.

என் உடம்பு முன்னால் போய் இடது பக்கம் சரிந்தது. அவள் தோளை அள்ளிப் பிடித்தேன். வண்டி சாய்ந்தது. நெடுங்கால் ஊன்றி அவள் தாங்கிக்கொண்டாள்.

மறுபடி ஓட்டினாள். மறுபடி நிறுத்தினாள். மறுபடி அதே பக்கம் சாய்ந்தேன்.

மூன்றாவது முறை எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, சொல்லிட்டு நிறுத்தக் கூடாதா?"

அவள் என்ஜினை அணைத்தாள்.

என் குரல் மட்டும் என் காதில் இருந்தது. அது என் குரல் போலவே இல்லை, சிக்னலில் விழுந்து எழுந்தபோது அவர் சொன்னது போல இருந்தது.

அவர் கண் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. காப்பி டம்ளரைக்கூடச் சொல்லாமல்தான் அவர் கையில் வைப்பேன். முப்பது வருடம் வண்டி ஓட்டிய மனிதரிடம், இதோ மேடு, இதோ திருப்பம் என்று சொன்னால் மனசு நோகுமே என்று நினைத்தேன். வண்டியிலும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

சால்வையை நானே அவிழ்த்தேன். அது நனைந்திருந்தது.

ஷமீனா உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, போல்டுகளைத் தளர்த்தினேன். குழாய்களைக் கீழே இறக்கினேன். முன்பக்கம் உயர்ந்தது. வெள்ளைக் கோடு இரண்டு பக்கமும் கவ்விக்கு நேராக வந்ததும் மாற்றி மாற்றி முறுக்கினேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை மூன்று முறை அழுத்திப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். கோடு நகரவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். குதிகால் எட்டவில்லை.

அவர் கை ஆறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம்.

தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டேன். மேடு வருதுங்க. வலது பக்கம் திரும்பறேனுங்க. லாரி ஒண்ணு நம்மைத் தாண்டுதுங்க.

அவர் ஒன்றும் பேசவில்லை. மனசு நொந்துவிட்டதோ என்று எனக்குப் படபடப்பு.

கொஞ்ச தூரம் போன பிறகு என் தோளுக்கு மேல் குனிந்தார்.

"லாரி என்ன கலரு?"

நீலம் என்றேன். பின்னால் வைக்கோல் ஏற்றியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

காங்கேயம் சிக்னல் வந்தது. விளக்கு சிவப்பு. டீக்கடையில் அதே ஆட்கள் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்கள்.

"நிக்கப் போறேனுங்க" என்று அவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

பின்னால் அவர் பாரம் அசையவில்லை. இடது கால் விரல்களை மட்டும் தரையில் வைத்தேன்.