இடி ஸ்தனிஸின் கடைசிக் குத்து

இடி ஸ்தனிஸ் வாயைத் திறந்தால் ராயபுரத்தில் கடிகாரமே நின்று கேட்கும் என்பார்கள். அவர் மனைவி ஜெசிந்தாவைக் கேட்டால், நின்றுபோவது கடிகாரமில்லை, வீட்டு வேலை என்பாள்.

அன்று உச்சி வெயிலில் அவள் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர், பையன்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்கும் வஸ்தாது கன்னியப்பன். மற்றவன் அவருடைய சிஷ்யன் டெரன்ஸ். இருபத்திரண்டு வயசு, பீரோ அகலத்துக்குத் தோள். அவனோடு மோதிய எவனும் மூன்றாவது ரவுண்டைப் பார்த்ததில்லை.

"மாதா கோயில்ல கொடி ஏறிட்சி ஸ்தனிசு. திருவிழா குத்துச்சண்டை பெல்ட்டு இன்னும் உன் கைலதான் கீது. பையனோட மோதறியா? மோதறதுன்னா கையக் குடு."

கை கொடுத்துவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. ஸ்தனிஸுக்கு ஐம்பத்தொன்று. இடது கண்ணில் இன்னொரு அடி விழுந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொன்னதை அவர் வீட்டில் மூச்சே விடவில்லை. மூச்சு விட்டது டாக்டர்தான், ஜெசிந்தாவிடம்.

ஸ்தனிஸ் கையை நீட்டவில்லை. காலை நீட்டி உட்கார்ந்தார்.

"தம்பி, பாவமா இருக்குடா உன்னைப் பார்த்தா. இந்தக் கையைப் பத்தி உனக்கு யாரும் சொல்லலியா? ஒருநாள் மணல் மூட்டையைக் குத்தினேன். மூட்டை அப்படியே தொங்குது, மணல் மட்டும் பின்னால போயிடுச்சு. அள்ளறதுக்கு லாரி வந்துச்சு."

"மூட்டைல ஓட்டை இருந்திருக்கும்," என்றார் கன்னியப்பன்.

"அதைவிடு. கோலார்ல ஒருத்தனைத் தாடையில தட்டினேன். குத்துகூட இல்ல, தட்டு. ரிங்ல ஆளைக் காணோம். அப்புறம் பார்த்தா, டிக்கெட் இல்லாம வந்துட்டான்னு ஜோலார்பேட்டை ஸ்டேஷன்ல அவனைப் பிடிச்சு வச்சிருக்காங்க!"

டெரன்ஸ் சிரித்தான். கன்னியப்பன் சிரிக்கவில்லை. "அவ்ளோ பெரிய கை இருக்கசொல்ல, ஒரு பொடியன்கூட மோத இன்னா யோசன? குடுப்பா கைய."

வசமாக மாட்டிக்கொண்டார் மனுஷன். அடுப்படியிலிருந்தே ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அவர் சும்மா இருக்கும்போது விடுவது சின்னப் புளுகு. பயந்துவிட்டால்தான் பெரிசாக விடுவார். அவள் படித்த கான்வென்ட்டின் சிஸ்டர் ஆக்னெஸ் கையில் கிடைத்திருந்தால் இவரை வாசலிலேயே முழங்கால் போட வைத்திருப்பார். கட்டிக்கொண்டு வந்தவள் அப்படிச் செய்ய முடியுமா?

அவள் கண் வாசலில் நின்றவர்கள்மேல் போனது. வேர்த்துக் கொட்டுகிறது, உதடு காய்ந்திருக்கிறது, ஆனாலும் ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை. அதுதான் அந்தப் பேட்டையின் கட்டுப்பாடு. கொடி ஏறிய நாளிலிருந்து இறங்கும்வரை, ஒரு வீட்டில் ஒரு வாய் தின்றோ குடித்தோ கை நனைத்தவன் அந்த வீட்டுக்காரன்மேல் கை ஓங்கக் கூடாது. மீறினால் ஊரே காறித் துப்பும்.

வஞ்சிரத்தில் நல்ல சதைப் பற்றான ஒரு துண்டை முள் நீக்கிக் கரண்டியில் எடுத்துக்கொண்டாள்.

முன்னறையில் குரல் ஏறிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் சாதாக் குத்துப்பா. ஒரு குத்து விட்டேன் பாரு, அவ்வளவு வேகம்! பட்டது அவனுக்கே தெரியல. வணக்கம் வச்சான், வீட்டுக்குப் போனான், சாப்பிட்டான், தூங்கினான்…"

"அந்தாளு பேரு இன்னா?" கன்னியப்பன் விடவில்லை.

"பேரும் அந்தக் குத்துலதான் போச்சு. குறுக்க பேசாத. கல்யாணம் கட்டினான். பிள்ளை பொறந்துச்சு. ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுக் கோயிலுக்கு வரான். அங்க பீடத்துக்கு முன்னால, என் குத்து அப்பத்தான் போய்ச் சேர்ந்துச்சு! பொத்துன்னு விழுந்தான். பிள்ளைக்குத் தண்ணி ஊத்த வந்த ஃபாதர், தண்ணியைக் கீழ வச்சுட்டு ஒண்ணுலேருந்து பத்துவரைக்கும் எண்ணினார்!"

டெரன்ஸின் வாய் 'ஆ'வென்று திறந்துகொண்டது. ஜெசிந்தா மீனை அதற்குள் வைத்தாள்.

அவன் மென்றான். பழக்கதோஷம்.

"துப்புடா டேய்!" கன்னியப்பன் அலறினார்.

"முழுங்கிட்டேன் வஸ்தாது," என்றான் டெரன்ஸ். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆன்ட்டி, இன்னொரு துண்டு இருக்கா?"

கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சி! அடுத்த வருசம் இவன் வாயத் தெச்சி இட்டாறேன், பாரு."

அடுத்த வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஜெசிந்தா கரண்டியை வைத்தாள். நேரே போய் ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து டெரன்ஸின் தோளில் போட்டாள்.

"ஐயோ ஆன்ட்டி, நான் ஜெயிக்கவே இல்லியே!"

"உன்னை யார் கேட்டா? வீட்டுக்கு வந்த பிள்ளையை வெறுங்கையோட அனுப்ப எனக்கு மனசில்லை. தட்டு போடறேன், கை கழுவிட்டு வா. வஸ்தாது, உங்களுக்கும்தான்."

எல்லார் கண்ணும் ஸ்தனிஸ் பக்கம் திரும்பின. அவர் பெல்ட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் அவருடைய இடது கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். விஷயம் எங்கே உடைந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு மார்பை நிமிர்த்தினார்.

"எடுத்துட்டுப் போ தம்பி, சந்தோஷமா எடுத்துட்டுப் போ. நானே தரணும்னுதான் இருந்தேன். எப்படியும் அது என் இடுப்புல ஏறி ரொம்ப நாளாச்சு."

"காலைலேருந்து இப்பத்தான் ஒரு நிஜம் சொல்லியிருக்கீங்க," என்றாள் ஜெசிந்தா. "நகருங்க, சாப்பாடு எடுத்து வைக்கணும்."