ஈரக் கை கண்ட சுழி

உமையாள் அம்மையாருக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கு அறுபத்திரண்டு. ஊரார் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. சீடர் அதைப் பொருட்படுத்தியதில்லை. அவரைச் சுட்டது வேறொன்று.

ஆடி மாதத்துக் காலை ஒன்றில் அவர் வாய்விட்டே கேட்டார்.

“அம்மா, உங்களிடம் வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கோபத்தை விட்டேன். புகையிலையைக்கூட விட்டேன். வீரமலையின் பெயரைக் கேட்டால் மட்டும் இன்னும் வயிறு எரிகிறது. இது ஏன் போக மாட்டேன் என்கிறது?”

வீரமலையும் அவரும் இளமையில் ஒரே லாயத்தில் புல் சுமந்தவர்கள். இன்று வீரமலையிடம் ஒன்பது குதிரைகள் இருந்தன. ஆயிரம் குதிரைகளுக்குச் சுழி பார்த்துச் சொன்ன தில்லைநாயகத்துக்கு ஒரு மட்டக்குதிரைகூட வாய்க்கவில்லை.

“இன்று ஆற்றங்கரையில் குதிரைக் காட்சி அல்லவா?” என்றார் அம்மையார். “கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. பொழுது சாயும்வரை இருந்துவிட்டு வருவோம்.”

“அங்கே அவன் இருப்பானே.”

“அப்படியானால் மூன்று பேருக்குக் கட்டுங்கள்.”

ஆற்றங்கரையில் மனிதத் தலைக்குக் குதிரைத் தலை சரியாக இருந்தது. முற்பகல் முழுவதும் நடை பார்த்தார்கள். பிறகு மேளத்துக்கு ஆடவிட்டார்கள். வீரமலையின் வெள்ளைக் குதிரை தவிலின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு குளம்பை எடுத்து வைத்தது. தில்லைநாயகம் அதில் குற்றம் தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காதது மேலும் எரிந்தது.

முதலிடம் பெறும் குதிரையே அவ்வாண்டு ஐயனார் ஊர்வலத்தின் முன்னே செல்லும். உடையவருக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டுவார்கள். இனி ஒரே ஒரு சோதனைதான் மிச்சம்: சுழி.

குதிரையின் மேனியில் மயிர் சுழன்றிருக்கும் இடத்துக்கு ஒரு பலன் உண்டென்பது அப்பக்கத்து நம்பிக்கை. கண்ணுக்குக் கீழே சுழன்றால் அது கண்ணீர்ச் சுழி. அந்தக் குதிரை நிற்கும் வீட்டில் அழுகை ஓயாது என்பார்கள். அதை எவரும் வாங்கார், உடையவனும் வைத்துக்கொள்ளான், காட்டோரம் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவான்.

வழக்கமாகச் சுழி பார்ப்பவர் காய்ச்சலில் படுத்திருந்தார். நாட்டாண்மை தில்லைநாயகத்தைக் கண்டுகொண்டார்.

“நீங்களே வந்து பார்த்துவிடுங்கள், நாயகம். உங்கள் கண்ணுக்கு மேல் கண் உண்டா?”

வீரமலை சிரித்தான். “வாய்யா சாமியாரே. குதிரையை மறந்திருப்பாய் என்று நினைத்தேன். தலை எது, வால் எது என்று நான் காட்டட்டுமா?”

கூட்டமும் சிரித்தது.

தில்லைநாயகம் முறைப்படி உள்ளங்கையை நீரில் நனைத்தார். புழுதியைத் துடைத்து மயிரைப் படியவைத்தால்தான் சுழி தெரியும். மார்பு, விலா, கழுத்து எல்லாம் பார்த்தார். எல்லாம் சுத்தம். முகத்துக்கு வந்தார். இடக்கண்ணின் கீழே ஈரக் கையை ஒரு முறை தேய்த்தார்.

அங்கே ஒரு சுழி இருந்தது.

“கண்ணீர்ச் சுழி” என்றார். சொல்லும்போதே நாக்கில் வெல்லம் கரைந்தது போலிருந்தது.

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். வீரமலையின் கை குதிரையின் கழுத்தைத் தேடிப் பற்றிக்கொண்டது.

“நாலு வருஷமாக நான் பார்க்காத சுழியா? நாயகம், இன்னொரு தரம் பாரப்பா.”

“பார்த்தாயிற்று.”

உமையாள் அம்மையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குதிரையின் முகத்தை ஒரு கணம் நோக்கினார்.

“நாட்டாண்மையாரே, எனக்குச் சுழி தெரியாது. ஆனால் பசிக்கிறது. சாப்பிட்ட பிறகு தீர்ப்புச் சொல்லலாமா?”

நாட்டாண்மைக்கும் பசி. இணங்கினார்.

வெயிலில் குதிரை நிற்க, அதன் எதிரே மூவரும் அமர்ந்தனர். அம்மையார் ஒரு பொட்டலத்தை வீரமலையின் முன் வைத்தார். அவன் பிரித்தானேயொழிய உண்ணவில்லை.

“பிறந்த அன்றைக்கு இதுக்கு நிற்கத் தெரியலம்மா” என்றான். “என் மடியில் போட்டுத்தான் பால் புகட்டினேன். காட்டில் விட்டால் இதுக்கு என்ன தெரியும்?”

தில்லைநாயகம் சோற்றைப் பிசைந்துகொண்டே குதிரையின் முகத்தைப் பார்த்திருந்தார். கண்ணுக்குக் கீழே மயிர் காயத் தொடங்கியது. ஒவ்வொன்றாக நிமிர்ந்து, திரும்பி, தனக்குரிய திசையில் படிந்தது. அவர் கடைசிக் கவளத்தை எடுக்கும்போது அவ்விடம் உள்ளங்கை போல வழவழப்பாயிருந்தது.

மயிர் படியும் பக்கமாகவே துடைக்க வேண்டும். லாயத்துக்கு வந்த முதல் நாளே அவர் கற்றது அது. நாற்பது ஆண்டுகளில் இன்றைக்கு முன் ஒரு நாளும் எதிர்ப்பக்கம் துடைத்ததில்லை.

வேறெவரும் அருகில் வரவில்லை. கெட்ட சுழியை யார்தான் உற்றுப் பார்ப்பார்கள்?

“சொல்லுங்கள், நாயகம்” என்றார் நாட்டாண்மை, கை கழுவி வந்து.

அவர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் இலையை மடித்துக்கொண்டிருந்தார்.

“சுழி இல்லை” என்றார் தில்லைநாயகம். “நான் எதிர்மயிரில் துடைத்துவிட்டேன். தவறு என் கையுடையது. வந்து பாருங்கள்.”

“கிழவருக்குக் கண் போச்சு” என்றது ஒரு குரல்.

“கண் போனதுகூடப் பரவாயில்லை, அதோடு சுழி பார்க்க வந்தாரே” என்றது இன்னொன்று.

நாட்டாண்மை வந்து பார்த்தார். தலையசைத்தார். இனி எந்தக் காட்சிக்கும் தம்மை அழைக்கமாட்டார்கள் என்பதை அந்தத் தலையசைப்பிலேயே தில்லைநாயகம் அறிந்தார்.

வீரமலையை மேடைக்கு அழைத்தார்கள். அவன் கடிவாளத்தைத் தில்லைநாயகத்தின் கையில் திணித்துவிட்டுப் படியேறினான். பட்டுத் தலைப்பாகையைச் சுற்றுச் சுற்றாகக் கட்டிமுடிக்க நெடுநேரம் ஆயிற்று.

மாலையில் இருவரும் வயல்வரப்பில் திரும்பி நடந்தார்கள்.

“அம்மா, பொய் சொல்லமாட்டேன். அவனுக்குத் தலைப்பாகை கட்டும்போது மறுபடியும் எரிந்தது. காலையில் இருந்ததைவிட அதிகமாகவே எரிந்தது.”

“அந்த நேரத்தில் குதிரை என்ன செய்துகொண்டிருந்தது?”

அவர் யோசித்தார். “தூங்கிவிட்டது.”

“நின்றபடியேவா?”

“என்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு.”

அம்மையார் வரப்பிலிருந்து வழிக்கு ஏறினார்.

“எரிகிற இடத்தில் குதிரை தூங்காதே, ஐயா.”

தில்லைநாயகம் தம் தோளைத் தொட்டுப் பார்த்தார். அங்கே குதிரையின் எச்சில் இன்னும் ஈரமாயிருந்தது.