பாறையைப் படித்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் விலங்குகளுக்கு எல்லாம் நீலக்கல் பைத்தியம் பிடித்திருந்தது. குழந்தைகளே, கல்லைத் தின்ன முடியுமா? முடியாது. ஆனாலும் கிழங்கைக் கொடுத்துக் கல்லை வாங்குவதும், விலை ஏறியதும் விற்பதுமாக ஒரே அமர்க்களம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கல் கைமாறும்போதெல்லாம், எந்தக் கல், எத்தனை கிழங்கு என்று பெரும்பாறையில் கீறிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விற்றவர், வாங்கியவர் பெயரை மட்டும் எழுதக் கூடாது.

அந்தப் பாறையடியில் ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தது. அது பெரிய கணக்குப்புலி. காட்டிலுள்ள கற்களை எல்லோரும் சராசரியாக என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கீறல்களைக் கூட்டிப் பார்க்கும். இன்றைய விலை அதைவிட மிகவும் ஏறியிருந்தால் விற்கும். மிகவும் இறங்கியிருந்தால் வாங்கும். கணக்கு பலித்தது. அதன் வளை கிழங்கால் நிறைந்தது.

நாளடைவில் அது பாறையை விட்டு நகர்வதே இல்லை. முயல் மட்டும் எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கும். முயல் வந்தால் முள்ளம்பன்றிக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனாலும், "கணக்கு தப்புது, போ" என்று விரட்டிவிடும்.

ஒரு கோடையில் கல்லின் விலை மளமளவென்று சரிந்தது. முள்ளம்பன்றிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் வாங்கிக் குவித்தது. அவர்களும் கிழங்கை வாரிக்கொண்டு அவசரமாகப் போனார்கள்.

முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே, ஓடை வத்திப்போச்சு. எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பிட்டோம். நீயும் வா."

"எனக்குப் பாறையடியில ஊத்து இருக்கு. கல்லு இவ்வளவு மலிவா இனி எப்பக் கிடைக்கும்?"

"வழிச் சாப்பாட்டுக்காகத்தான் வித்துட்டுப் போறாங்க. யாரையாவது கேட்டுப் பாரேன்!"

"பாறையிலயே எல்லாம் இருக்கு. நான் எதுக்கு ஊர்வாயைக் கேக்கணும்?"

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல அண்ணே."

முள்ளம்பன்றி திரும்பாமலே அடுத்த கீறலைக் கூட்டியது. முயல் மலைப் பக்கம் கிளம்பிப் போனது.

கடைசிக் கிழங்கும் கல்லாக மாறியது. அதன்பின் பாறையில் புதுக்கீறல் எதுவும் விழவில்லை. "ஆஹா, ஒருத்தரும் விக்கல! எல்லாரும் மீதிக் கல்லை இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. இனி விலை ஏறப்போகுது!" என்று முள்ளம்பன்றி துள்ளியது.

விலையைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. ஒரே ஒரு கல்லையாவது விற்றுவிடலாம் என்று புறப்பட்டது.

நரியின் குகை காலி. காட்டுப்பன்றியின் புதரும் காலி. முயலின் வளைக்குள் தலையை நீட்டியது. அங்கே நீலக்கற்கள் மண்ணில் கேட்பாரற்றுக் கிடந்தன. இறுக்கிப் பிடித்திருப்பதாக அது நினைத்த கற்கள் இவைதான். சுமை என்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

இப்போது காட்டிலுள்ள நீலக்கல் அத்தனையும் அதற்கே சொந்தம். ஒரு கிழங்கு கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்ள ஆளில்லை. முள்ளம்பன்றிக்கு முதன்முறையாகத் தனிமை பயமாக இருந்தது.

"முயலே!" என்று கூப்பிட்டது. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டது.

நீதி: விலை இறங்கியதைக் கணக்கு காட்டும்; ஏன் இறங்கியது என்பதை அக்கம்பக்கத்தாரிடம்தான் கேட்டறிய வேண்டும்.