நீட்டிய கை

“பதில் தெரியாம நாளைக்கு இந்தக் கேட்டைத் தாண்ட மாட்டேன், டீச்சர்,” என்றான் இளம்பரிதி.

டீச்சர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவனைவிட ஏழு வயது இளையவள். அவனைப் பிடித்த அதே போதை மாத்திரையால் பள்ளிக்கூட வேலையை இழந்தவள். இப்போது அந்த மறுவாழ்வு இல்லத்தின் சமையல்கட்டு அவள் பொறுப்பு. மருந்துக்கு டாக்டரிடம் போகிறவர்கள், கேள்விக்கு அவளிடம் வருவார்கள்.

“கேளுங்கண்ணே.”

“பதினெட்டு வயசுப் பையன் விழுந்தான்னா புரியுது. எனக்கு அப்போ முப்பத்தொன்பது. பீடிகூடத் தொட்டதில்ல. நான் எப்படி ஆரம்பிச்சேன்?”

“முன்னால ரெண்டு தடவை இங்கேர்ந்து போனீங்களே, அப்ப கேக்கலையே?”

“அப்பல்லாம் என் பொண்டாட்டி அரசி கதவைத் திறந்தா. இந்தத் தடவை விழுந்தா திறக்க மாட்டேன்னுட்டா.”

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தாள்.

“யாரு குடுத்தது?”

“ஜெரோம். ஆறாங்கிளாஸ்லேர்ந்து கூட்டாளி. என் கல்யாணப் பந்தியில சாம்பார் வாளி தூக்கினவன்.”

“இருட்டுல வெச்சா?”

“பட்டப்பகல். அவன் வீட்டு மொட்டை மாடி. பிள்ளைங்க கீழே கேரம் ஆடிட்டிருந்தாங்க.”

“கட்டாயப்படுத்தினாரா?”

“இல்லையே! அப்படிச் செஞ்சிருந்தா ஒரு அறை விட்டிருப்பேனே.”

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். வேலைப் பளு, அம்மாவின் சாவு, தூக்கமின்மை. யோசித்து யோசித்து அவன் எழுதிய காரணங்கள்.

டீச்சர் நிதானமாகப் படித்தாள். பிறகு தாளைத் தரையில் விரித்து, வெங்காயத் தோலை அதில் வாரிப் போட்டு மடித்தாள்.

“டீச்சர்!”

“எல்லாம் நெசந்தாண்ணே. எங்கிட்டயும் இப்படி ஒரு தாள் இருந்துச்சு. அதுவும் இப்படித் தோல் மடிக்கத்தான் ஆச்சு.”

அவனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. முறத்தைத் தன் பக்கம் இழுத்து, மிச்ச வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினான்.

முறம் காலியாயிற்று. கண்ணில் நீர் வழிந்தது. அவன் நகரவில்லை.

டீச்சர் எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். திரும்பி வந்து, மூடிய கையை அவன் முன் நீட்டினாள்.

அவன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்தான். இடக்கையின் மேல் வலக்கையை வைத்துக் குனிந்து வாங்கினான். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டான்.

நாக்கு சுருண்டது. வெளியே ஓடித் துப்பிவிட்டு வந்தான்.

“என்ன டீச்சர் இது?”

“இப்ப கேக்குறீங்க,” என்றாள் டீச்சர். “படிகாரம்ணே. தண்ணி தெளியப் போடுறது.”

அவன் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, கேட்டுக்கு வெளியே ஜெரோம் காரோடு நின்றிருந்தான்.

“மாப்ள! என்னடா இப்படி எளைச்சுட்ட? ஏறு, வீட்டுல விடுறேன்.”

“பஸ்ல போய்க்கிறேன்.”

“அரசி முன்னால இப்படி வெடவெடன்னா போய் நிப்ப? இந்தா. ஒண்ணே ஒண்ணு.”

மூடிய கை நீண்டது.

இளம்பரிதியின் வலக்கை தானாக எழுந்தது. அதன் அடியில் சேர இடக்கை போயிற்று. நாக்கின் ஓரத்தில் இன்னும் அந்தத் துவர்ப்பு.

“என்னடா அது?”

ஜெரோம் சிரித்தான். “இத்தனை வருஷத்துல என்னைக்காவது கேட்டிருக்கியாடா?”

“இப்ப கேக்குறேன். கையில என்ன?”

ஜெரோமின் விரல்கள் திறக்கவில்லை.

வளைவில் பேருந்து திரும்பியது.

பாதியில் நின்ற வலக்கையை இளம்பரிதி பேருந்தைப் பார்த்துத் தலைக்கு மேலே தூக்கினான்.