சடைச்சி இல்லாத பந்துவீச்சு

மலையடிக் காட்டில் சடைச்சி என்ற கரடி தன் இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டே திரிவாள். குட்டிகளுக்கு அதுதான் முதல் கோடை.

மலையடிக் காட்டுக்கும் பாறைக் காட்டுக்கும் நடுவில் ஓர் ஏரி. கோடையில் அது சுருங்கிவிடும். ஒரு காட்டுக்குத்தான் தண்ணீர் காணும். அதனால் பங்குனி பிறந்ததும் இரண்டு காடும் கிரிக்கெட் டெஸ்ட் தொடர் ஆடும். மூன்று ஆட்டம், ஆட்டத்துக்கு ஐந்து நாள். இரண்டில் ஜெயித்த காட்டுக்கு மழை வரும்வரை ஏரி சொந்தம்.

போன வருஷம் மலையடிக் காடு தோற்றது. சடைச்சி இரண்டு மலை தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்து வந்தாள். அப்போது அவள் ஒண்டி ஆள். இந்தப் பச்சைக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் போனால் திரும்பி வருகிறபோது முதுகில் உயிர் இருக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் காடுகளில் விளாங்காய்தான் பந்து. சடைச்சி வீசினால் பார்க்க அழகாக இருக்காது. ஓடி வருவது ஏதோ மூட்டை உருண்டு வருகிற மாதிரி இருக்கும். ஆனால் அது கரையான் புற்றை உடைக்கிற கை. காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்கிறவரை ஓயாது. அடி வாங்கி வாங்கி வழவழப்பாகிப்போன பழைய காயைக்கூட எகிற வைப்பாள். கேப்டன் காட்டெருது ஒரு மத்தியானம் அவளுக்கு எதிரே மட்டை பிடித்துப் பார்த்தான். மூன்று தடவை ஸ்டம்ப் பறந்தது. நாலாவது காய் முட்டியில் பட்டு நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தான். தேர்வுக் குழுவிடம் அவள் பெயரைச் சொன்னதே அவன்தான்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். யானை தலைவர். அவருக்குத் துணை மயிலும் நரியும். வேகப்பந்துக்காரர்களைப் பொறுக்குவதில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடிந்தும் விடியாத பனியில் வருவார்கள். ஆளுக்கு ஆறு காய், அத்தனையும் புதுக் காய். மயில் ஒருமுறை கண் மூடித் திறப்பதற்குள் காய் ஸ்டம்பைத் தொட்டால் அது வேகம். தொடாவிட்டால் வேகமில்லை. வெயில் ஏறுவதற்குள் யானைக்குத் தூக்கம் வந்துவிடும். தேர்வும் முடிந்துவிடும்.

பனியில் புதுக் காயை யார் போட்டாலும் அது சீறும். சிறுத்தை போட்டது மயிலின் கண்ணுக்கே தெரியவில்லை. புள்ளிமான் ஓடி வந்த அழகைப் பார்த்து யானை தும்பிக்கையைத் தூக்கினார். கருமந்திக் குரங்கு இடது கையால் வீசினான். இடது கை ஒன்று இருந்தால் நல்லது என்று நரி சொல்ல, அவனையும் எடுத்தார்கள். சடைச்சியின் கை சூடாவதற்குள் ஆறு காயும் தீர்ந்துவிட்டது.

சடைச்சிக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் முன்னே வந்து நின்றாள்.

"பெரியவரே, ஒரே ஒரு மத்தியானம் வந்து பாருங்க. எல்லாருக்கும் பழைய காயைக் குடுத்துப் பாருங்க. அஞ்சு நாள் ஆட்டத்துல பனி எவ்வளவு நேரம் இருக்கப்போகுது?"

யானை வாயைத் திறப்பதற்குள் நரி முந்திக்கொண்டது. "ஏம்மா, முதுகுல ரெண்டை வெச்சிருக்கே. அதுங்க அழுதா பாதி ஓவர்ல பால் குடுக்க உக்காந்துடுவே. நாங்க எல்லாம் யோசிச்சுத்தான் எடுக்கிறோம்."

"தண்ணி இல்லேன்னா எனக்குப் பால் எங்கேருந்துங்க வரும்?"

நரி மரங்கொத்திக்குச் சைகை காட்டியது. மயில் தோகையை உதறிக்கொண்டது. மரங்கொத்தி பறந்து போய் மருத மரத்துப் பட்டையில் பதினோரு பேரின் அடையாளத்தைக் கொத்தியது. பட்டையில் கொத்திவிட்டால் தொடர் முடிகிறவரை மாற்ற முடியாது. அதுதான் சட்டம். ஆடுகிறவர்களுக்குச் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுபோகிற வேலையைச் சடைச்சிக்குக் கொடுத்தார்கள். குட்டிகளை நினைத்துக் குடுக்கையை வாங்கிக்கொண்டாள்.

முதல் டெஸ்ட் ஆரம்பித்தது. மலையடிக் காடு முன்னூறு ரன் எடுத்தது. மறுநாள் காலை சிறுத்தை பந்து போட வந்தான். நாலே ஓவரில் மூன்று விக்கெட். காடே எழும்பிக் குதித்தது. நரி திரும்பி, குடுக்கையோடு நின்ற சடைச்சியைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

பனி காய்ந்தது. வெயில் ஏறியது.

சிறுத்தைக்கு வெயில் ஆகாது. பகல் முழுக்கத் தூங்குகிற பிராணி அது. இது காட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், தேர்வுக் குழுவுக்கு மட்டும் தெரியவில்லை. அவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு புளிய மரத்து நிழலில் சாய்ந்துவிட்டான். புள்ளிமான் அவ்வளவு தூரம் ஓடி வந்ததில் கணுக்கால் வீங்கியது. சருகு சலசலத்தாலே பந்தைக் கீழே போட்டுவிட்டு எல்லைக்கு வெளியே பாய்ந்தது. கருமந்திக்குக் கை ஓய்ந்துபோனது. கொழுந்து தின்ன மரத்தில் ஏறியவனைக் கெஞ்சிக் கூத்தாடி இறக்க வேண்டியிருந்தது.

அப்போது பாறைக் காட்டிலிருந்து ஆமை மட்டை பிடிக்க வந்தது. பழைய காய் எகிறவேயில்லை. மெத்தென்று வந்து மட்டையில் பட்டது. ஆமை இரண்டு நாள் நின்றது. எதிர்முனையில் கடமான் அடித்துக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் கேப்டன் காட்டெருது, தண்ணீர் கொண்டுவந்த சடைச்சியிடம் காயை நீட்டினான். "அக்கா, ஒரு ஓவர் போடு அக்கா. உன்னைவிட்டா ஆளில்லை" என்றான்.

நடுவராக நின்ற மரங்கொத்தி தலையை ஆட்டியது. "பட்டையில பேர் இல்லாதவங்க தண்ணி குடுக்கலாம். காயைத் தொடக் கூடாது."

சடைச்சி காயைப் பார்த்தாள். வழவழவென்று தேய்ந்த காய். அவளுக்கென்றே பழுத்த மாதிரி இருந்தது. கையிலிருந்த சுரைக்குடுக்கை நொறுங்கி, தண்ணீர் தரையில் வழிந்தது.

முதல் டெஸ்ட் போனது. இரண்டாவது டெஸ்ட்டும் அச்சு மாறாமல் அதே மாதிரி போனது. மூன்றாவதை ஆட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. பாறைக் காட்டுச் செந்நாய்கள் ஏரியைச் சுற்றிக் காவல் நின்றன.

சித்திரை வெயில் கொளுத்தியது. சடைச்சிக்குப் பால் வற்றியது. குட்டிகள் விளையாடுவதை நிறுத்தின. சின்னக் குட்டிக்கு அவள் முடியைப் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை முதுகிலிருந்து சரிந்து விழுந்தது. சடைச்சி அதை வாயில் கவ்விக்கொண்டு, ஈர வாசனை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மோந்து மோந்து மலைச்சரிவில் ஏறினாள். ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் வாசனை பலமாக அடித்தது.

குட்டியைக் கைக்கு மாற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சில்லென்று ஒரு சுனை. யானையும் மயிலும் நரியும் அதில் கால் நனைத்துக்கொண்டு, அடுத்த வருஷத்துக்கு யாரை எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு சிறுத்தையைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நரி சொல்லிக்கொண்டிருந்தது.

நரிதான் அவளை முதலில் பார்த்தது. "நீ எப்படி இங்கே வந்தே? இது தேர்வுக் குழுவுக்குன்னு ஒதுக்கின சுனை."

சடைச்சி இந்தத் தடவை பெரியவரே என்று ஆரம்பிக்கவில்லை.

"ஓ, இதான் விஷயமா? ஏரி போனா உங்களுக்கு எதுவும் போகாது. அதனாலதான் அரைத் தூக்கத்துல ஆள் எடுத்தீங்க. தோத்தது நீங்க பொறுக்கின ஆளுங்க, நாக்கு வறண்டு கிடக்கிறது என் பிள்ளைங்களா?"

"கோபப்படாதேம்மா. தப்பு நடக்கிறது சகஜம்" என்றார் யானை.

"சகஜமா? இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சின்னக் குட்டியை அவர் காலடியில் வைத்தாள். அது கண்ணைத் திறக்கவில்லை. யானை ஓரடி பின்னால் நகர்ந்தார். நரி குறுக்கே வந்தது. சடைச்சி புற்று உடைக்கிற கையை ஓங்கினாள். நரிக்குத் திடீரென்று வேறு ஜோலி ஞாபகம் வந்து பாறைக்குப் பின்னால் போனது.

குட்டிகள் குடித்தன. சின்னது மூன்றாவது வாய்க்குக் கண்ணைத் திறந்தது. அப்புறம் சடைச்சி மலை அதிர உறுமினாள். காட்டெருது வந்தான். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு புள்ளிமான் வந்தது. சிறுத்தையும் கருமந்தியும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். காடே வந்தது. சுனை சின்னது. ஆளுக்குக் காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய் என்று அங்கேயே முடிவானது. யானைக்கும் ஒரு வாய்தான். மயிலுக்கும் நரிக்கும் அதேதான். வரிசையில் நிற்க மாட்டேன் என்ற நரியைச் சிறுத்தை ஒரு பார்வை பார்த்தான். நரி போய் வரிசையில் நின்றது.

வரிசை ஆரம்பித்த ஐந்தாம் நாள் உச்சி வெயிலில், யாரும் கூப்பிடாமல், யானை மைதானத்துக்கு வந்தார். தும்பிக்கையில் ஒரு பழைய காய்.

"சடைச்சி, ஒரு ஓவர் போட்டுக் காட்டு. நான் பாக்கணும்."

"தாகமா இருக்குங்களா பெரியவரே?"

"ஆமாம்மா. ரொம்பத் தாகமா இருக்கு."

"அப்ப போடுறேன்" என்று சடைச்சி காயை வாங்கிக்கொண்டாள்.

தோற்றாலும் தாகம் எடுக்காதவர்கள் கையில், ஆள் எடுக்கிற வேலையைக் கொடுக்கவே கூடாது.