பனை உச்சியில் கட்டிய ஓலை

ஆலங்காட்டுக் குளக்கரையில் ஓர் உடும்பு வாழ்ந்தது. அந்த வருடம் மழை நன்றாகத்தான் பெய்தது. ஆனாலும் தை பிறக்கும் முன்பே குளம் வற்றிவிட்டது. தவளைகள் சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தன. கெண்டை மீன்கள் செத்து ஒதுங்கின.

"பெய்த தண்ணீரெல்லாம் எங்கே போனது?" என்று உடும்பு கேட்டது. யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் குளத்துக்குக் காவலர் காட்டெருமை. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அதன் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை விலங்குகள் கூடிக் காவலரைத் தேர்ந்தெடுக்கும். இந்த முறையும் காட்டெருமை நின்றது. எதிர்த்துக் கடமான் நின்றது. நிற்பவர்கள் தமக்கும் தம் குடும்பத்துக்கும் உள்ள குட்டை, தோப்பு, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் ஓலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காட்டின் பழைய சட்டம் அது.

ஓலைகளுக்குப் பொறுப்பு முள்ளம்பன்றி. உடும்பு அதனிடம் போனது.

"ஐயா, காட்டெருமை எழுதிக் கொடுத்த ஓலையைப் பார்க்கணும்."

"தாராளமாகப் பார்க்கலாமே! நாளைக்கு வா!"

மறுநாள் போனது. "நீ இந்தக் குளத்துக்காரிதான் என்று இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டுமே!" என்றது முள்ளம்பன்றி. உடும்பு நண்டையும் நாரையையும் கூட்டிக்கொண்டு போனது.

"அது சரி, எதற்காகப் பார்க்க வேண்டும்? காரணம் எழுதிக்கொண்டு வா!"

எழுதிக்கொண்டு போனது. "இந்தக் காரணம் போதாது!" வேறு காரணம் எழுதிக்கொண்டு போனது. முள்ளம்பன்றி கிழங்கு தோண்டப் போயிருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

நடந்து நடந்து உடும்பின் நகம் தேய்ந்தது. வாலை இழுத்துக்கொண்டு வீடு சேர்வதே பெரும்பாடாக இருந்தது. "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று அணில் கேட்டது.

தேர்தலுக்கு முதல் நாள் ஏழாவது முறையாகப் போனது. முள்ளம்பன்றி கொட்டாவி விட்டது.

"ஓலை இங்கே இல்லையே! அதோ, அந்த நெட்டைப் பனையின் உச்சியில் கட்டியிருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்!"

"பனை உச்சியிலா? முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேட்கவில்லையே! ஓலை பத்திரமாக இருக்க வேண்டாமா? ஏறத் தெரிந்த யாரும் பார்க்கலாம். நாங்கள் ஒருவரையும் தடுப்பதில்லை!"

உடும்புக்குக் கோபம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. பனையடியில் சற்று நேரம் கிடந்தது. பிறகு ஏறியது. சொரசொரப்பான மரம் வயிற்றைச் சிராய்த்தது. பாதி வழியில், இறங்கிவிடலாமா என்று தோன்றியது. 'ஏழு தடவை நடந்தாயிற்று, இதையும் பார்த்துவிடுவோம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது.

உச்சியில் காட்டெருமையின் ஓலைகள் இரண்டு இருந்தன. மூன்று வருடத்துக்கு முந்திய ஓலையில் ஒரே ஒரு குட்டை. இந்த வருடத்து ஓலையில் ஒன்பது! நான்கு தன் பெயரில், மூன்று மனைவி பெயரில், இரண்டு மைத்துனன் பெயரில். எல்லாம் மடைக்குக் கீழே இருந்தன. தண்ணீர் போன வழி தெரிந்துவிட்டது.

ஆனால் உடும்பைத் திகைக்க வைத்தது வேறொன்று. காட்டெருமை எதையும் மறைக்கவே இல்லை. எல்லாவற்றையும் அப்படியே எழுதியிருந்தது. யார் ஏறி வந்து படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்!

மறுநாள் மடையருகே கூடிய தேர்தல் கூட்டத்தில் உடும்பு பார்த்ததைச் சொன்னது.

"பொய்! பொறாமையில் உளறுகிறது!" என்று காட்டெருமை உறுமியது.

"நீங்கள் எழுதியதைத்தான் சொல்கிறேன், ஐயா."

"உன்னை எப்படி நம்புவது?" என்று முயல் கேட்டது.

"என்னை நம்ப வேண்டாம். ஓலையை இறக்கச் சொல்லுங்கள்."

"தேர்தல் முடியட்டும், பிறகு இறக்கலாம்!" என்றது முள்ளம்பன்றி.

"அப்படியானால் ஓலை இறங்கட்டும், பிறகு தேர்தல் நடக்கலாம்!" என்று ஒரு தவளை கத்தியது. உடனே எல்லாத் தவளைகளும் கத்தத் தொடங்கின. குரங்கு ஏறி ஓலைகளைக் கொண்டுவந்தது. நாரை உரக்கப் படித்தது. காட்டெருமை தலையைக் குனிந்துகொண்டது.

அதன் பிறகும் கடமான் மூன்றே ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. காட்டெருமையின் குட்டைகளில் தாகம் தீர்த்துக்கொண்டவர்களும் அந்தக் காட்டில் நிறையப் பேர் இருந்தார்கள்.

எப்படியோ மடை அடைபட்டது. இனி வளைக்குப் போய்ப் படுக்கலாம் என்று உடும்பு திரும்பியது. அப்போது புதுக் காவலரின் குரல் கேட்டது.

"ஓலைகளை மறுபடி பனையில் கட்டிவிடுங்கள்! என்னுடையதையும்தான். கீழே இருந்தால் கரையான் அரிக்கும்!"

உடும்பு மெல்லத் திரும்பி வந்து மடைக்கல்லின் மேல் ஏறியது. நான்கு காலாலும் கல்லை இறுகப் பற்றிக்கொண்டது.

"இந்தக் கல்லிலேயே கட்டுங்கள். தவளை உட்கார்ந்தபடி படிக்கிற உயரத்தில். கட்டும்வரை நான் நகரமாட்டேன்."

"என் மேலுமா சந்தேகம்?" என்றது கடமான்.

"சந்தேகம் இல்லை, ஐயா. இன்னொரு தடவை பனை ஏற என்னால் முடியாது."

கடமான் சுற்றும்முற்றும் பார்த்தது. கூட்டம் கலையாமல் நின்றுகொண்டிருந்தது. வேறு வழியின்றி ஓலைகள் மடைக்கல்லில் கட்டப்பட்டன. தவளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தது. அது முதல் வரியை முடிக்கும் முன்பே உடும்பு கல்லின் மேலேயே தூங்கிப்போனது.

ஆள வருபவரின் சொத்து விவரம் ஆளப்படுபவரின் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தால், அது எழுதப்பட்டிருந்தும் மறைக்கப்பட்டதே.