கண்டல் மரம் நின்றுவிட்ட கதை

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாயும் இருந்தது, காலும் இருந்தது. மற்ற மரங்கள் அடக்கமாக வீட்டோரம் கிடந்தன. ஆறு கடலில் சேருமிடத்துக் கண்டல் மரம் மட்டும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தது. காலையில் இந்தக் கரை, மாலையில் அந்தக் கரை. தோணிக்காரி காத்தாயியைக் கண்டால்தான் கொஞ்சம் நின்று கதை பேசும்.

காத்தாயிக்குத் தன் முடிச்சில் ஏகப் பெருமை. தோணியை ஒட்டக் கட்டி, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து இறுக்குவாள். அவளைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது.

ஐப்பசியில் ஒரு நாள் புயல் வந்தது. கடல் ஆற்றுக்குள் ஏறியது, ஆறு குடிசைகளுக்குள் ஏறியது. தோணி கட்டக் கரையில் அடித்திருந்த கட்டைகள் பிடுங்கிக்கொண்டு தோணிகளோடு போயின. காத்தாயி தன் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்தினாள்.

"கண்டலக்கா! செத்த நேரம் நில்லுக்கா! உன் இடுப்புல கட்டிக்கறேன்!"

"நான் நிக்கிற ஆளாடி?" என்றது கண்டல். ஆனால் நின்றது.

கட்டிவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள். வழக்கம்போல இறுக்கித்தான் கட்டியிருந்தாள். தண்ணீர் உயர்ந்தது, கயிறு தோணியை உயரவிடவில்லை. முன்பக்கம் தாழ்ந்து வெள்ளம் உள்ளே வந்தது. ஊறிப்போன முடிச்சு அவள் விரலுக்கே அசையவில்லை.

"ஐயோ, எம்புள்ளைங்கள நானே கட்டிவச்சு முழுகடிக்கிறேனே!"

கண்டல் குனிந்து பார்த்தது. நகர்ந்தால் வெள்ளம் எல்லோரையும் கடலுக்கு அடித்துக்கொண்டு போகும். அது கிளையிலிருந்து ஒரு புதுக் காலை இறக்கிச் சேற்றில் ஊன்றி, உந்தி எழுந்தது. முடிச்சும் கூடவே உயர்ந்தது. தண்ணீர் ஏறும்போதெல்லாம் இன்னொரு கால். மரம் மெல்ல மெல்ல எழ, தொட்டிலில் கிடப்பதுபோல் பிள்ளைகள் தூங்கிப்போனார்கள்.

புயல் ஓய்ந்ததும் காத்தாயி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். "போக்கா, இனிமே நட."

கண்டல் முயன்று பார்த்தது. அத்தனை காலும் சேற்றில் ஆழப் புதைந்திருந்தன. "முடியலடி" என்றது.

காத்தாயி வாய்விட்டு அழுதாள். "எம்புள்ளைங்களுக்காக நின்னுட்டியேக்கா. உன் புள்ளைங்களாச்சும் ஊர் சுத்தட்டும். நாங்க யாரும் மறிக்க மாட்டோம்."

அன்று முதல்தான் கண்டலின் பிள்ளைகள் தாயின் கிளையிலேயே முளைவிட்டு, தண்ணீரில் குதித்து, கண்காணாத கரைக்கு மிதந்து போகின்றன. தோணிக்காரர்கள் கயிற்றைத் தளர்த்திக் கட்டுகிறார்கள். எதிரே ஒரு கண்டல் பிள்ளை மிதந்து வந்தால், துடுப்பைத் தூக்கிக்கொண்டு, "போய் வா தாயி" என்று வழிவிடுகிறார்கள்.